பந்தை விட்டுவிடுவாளாம்!

அத்தியாயம் 14

பெயர்ப் பலகையில் நதீஷாவின் பெயரைக் கீழே இறக்கிவிட்டு வந்த அன்று துவாரகா நன்றாக உறங்கினாள். நேர்மையாக உழைத்தவர்களுக்கு வாய்க்கும் உறக்கம் அது. தவறு செய்தவர்களுக்கும், தவறென்று தெரியவரும் வரை, அதே உறக்கந்தான் வாய்க்கிறது. உறக்கத்தின் மீது நாம் சாட்டக்கூடிய பெருங்குற்றம் அதுவே!

துவாரகாவின் தொழிலை நம் வாசகர்கள் அறிவர். புதிதாக வந்து அமர்ந்தவர்களுக்காக ஒரு சொல். 'ஹெரன்ஸ்' என்னும் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து அணிக்கு, பல்கலைக்கழகங்களில் ஆடும் பெண்களுள் எவள் தேறுவாள், எவள் தேறமாட்டாள் என்று எடைபோட்டுச் சொல்பவள் அவள். ஆண்டுக்கொரு முறை அணிகளெல்லாம் கூடி, முறைவைத்துப் பெயர் சொல்லி வீராங்கனைகளை எடுத்துக்கொள்ளும் தெரிவு நாள், வருகின்ற திங்கட்கிழமை. இன்று வெள்ளி.

ஒஷாவாவில் வளர்ந்து, எல்லைக்கு அப்பால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆடும் நதீஷா செல்வரட்ணத்தைத் துவாரகா மூன்று மைதானங்களில் பார்த்திருந்தாள். ஆட்டத்தில் ஐயமில்லை. ஆனால், சென்ற ஆண்டு ஹெரன்ஸ் முதலில் எடுத்த பெண் பாதிப் பருவத்தில் வீட்டு நினைவு தாங்காமல் பெட்டியைக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து தலைமை நிர்வாகி ஏஞ்சலா எவளைப் பற்றியும் கேட்கும் முதற்கேள்வி, "நிலைத்து நிற்பாளா?" என்பதே.

அந்தக் கேள்விக்கு விடை தேடவே துவாரகா தன் தாயை நாடினாள். "அம்மா, ஒஷாவாவில செல்வரட்ணம் எண்டு ஒரு குடும்பம். பிள்ளை எப்பிடி எண்டு தெரிஞ்ச ஆக்களிட்டை ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ."

ரதி விசாரித்தாள். விடையும் வந்தது. "பிள்ளை தங்கமாம். ஒரு குறையும் இல்லையாம். பந்து எல்லாம் சும்மா பொழுதுபோக்குத்தானாம். நாளைக்கு வேண்டாம் எண்டு சொன்னால் நாளைக்கே விட்டிடுவாளாம்." அதோடு, கேளாமலே ஒரு வாலும் வந்தது. "அவை வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவை. எங்கட ஆக்களும் இல்லை."

"அம்மா, நான் பந்து விளையாடத்தான் ஆள் தேடுறன்" என்று துவாரகா வெடித்தாள். வாலை வெட்டி எறிந்தவள், தலையை அப்படியே நம்பிவிட்டாள். நாளைக்கே விட்டுவிடுபவளை எந்த அணி எடுக்கும்? 'மனவுறுதி ஐயத்துக்குரியது' என்று எழுதினாள். நதீஷாவின் பெயர் பலகையின் அடிவரிசைக்கு இறங்கியது.

'எங்கட ஆக்கள் இல்லை'! இந்த மூன்று சொற்கள் அந்த வீட்டுக்குப் புதியவையா? சென்ற ஆண்டு அவள் தம்பி மிதுனன் செரீனா என்ற பெண்ணை விரும்பினான். தகப்பன் சண்முகலிங்கம் பெண் வீட்டுக்குப் போனார். தேநீர் கொடுத்தார்கள். "நீங்கள் ஊரில எந்தப் பக்கம்?" என்று, சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்டார். சொன்னார்கள். கோப்பையைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டார். ஆறிப்போன அந்தத் தேநீரோடு ஒரு பெண்ணின் மானத்தையும் ஆறவிட்டு வந்தார். செரீனா வன்கூவர் போய்விட்டாள். மிதுனன் மிசிசாகாவில் ஓர் அறையெடுத்துப் போனான். அன்று முதல் தகப்பனோடு பேச்சில்லை.

கடலைக் கடந்தோம். குண்டுகளைக் கடந்தோம். பனியையும் கடந்தோம். 'எந்தப் பக்கம்' என்ற கேள்வியை மட்டும் கைப்பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்தோமே, அதை எந்தச் சுங்க அதிகாரியும் பறிமுதல் செய்யவில்லையே!

காலையில் ரெக்ஸ்டேல் வீட்டுச் சமையலறையில் ரதி மகளின் கையில் தேநீர்க் குடுவையைத் திணித்தாள்.

"இண்டைக்கு அந்த ஒஷாவாப் பிள்ளை வருதெல்லோ?"

"ஓம். முதலே கூப்பிட்டாச்சு, மரியாதைக்கு வந்து ஆடிட்டுப் போகட்டும் எண்டு ஏஞ்சலா சொன்னவ. எடுக்கப் போறேல்லை."

"ஏன்? நல்ல பிள்ளையெல்லோ!"

"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், பந்தை விட்டிடுவாள் எண்டு."

ரதி அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்தாள்.

"அப்பா எங்க?"

"தன்ர கூட்டாளி பொன்னம்பலத்தாரோட முடி வெட்டப் போயிட்டார்" என்றாள் ரதி, திரும்பிப் பாராமலே.

*

விமானங்கள் கூரையை உரசுவதுபோல் பறக்கும் மிசிசாகாவின் ஓரத்தில் இருக்கிறது ஹெரன்ஸ் பயிற்சிக்கூடம். துவாரகா போய்ச் சேர்ந்தபோது நதீஷா சப்பாத்து நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உயரமான பெண், இடக்கைக்காரி. கட்டிக்கொண்டே, தன்னோடு ஆட வந்திருந்த பயிற்சி ஆட்டக்காரிகளிடம் ஒவ்வொருத்தியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. நதீஷா எறிந்த முதற்பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்ததும் அவ்வாறே. பந்து வளையத்துக்குள் விழுவதை யாரும் பார்ப்பர். விழாதபோது ஆட்டக்காரி என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்கே துவாரகாவுக்குச் சம்பளம். நதீஷா தலையில் கைவைக்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. பந்து தரையைத் தொடுமுன் எதிர்ப்புறம் நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே, சற்று முன் அறிந்த பெயர்களைச் சொல்லி, யார் யாரை மறிக்க வேண்டுமென்று கூவினாள். அந்தப் பெண்களும், தம்மையறியாமல், அவள் சொன்ன இடங்களுக்கு ஓடினார்கள்.

நாளைக்கே விட்டுவிடுபவளா இப்படி ஓடுகிறாள்?

"நீங்கள்தானே ரதி அக்காவின்ர மகள்? மூக்கைப் பாத்தவுடனேயே பிடிச்சிட்டன்."

திரும்பினாள். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, கையில் பலகாரப் பெட்டி, முகம் நிறையச் சிரிப்பு. நதீஷாவின் தாய் அருள்மலர்.

"ஓம் அன்ரி. வாங்கோ, இருங்கோ."

"தம்பி வரேல்லையோ?"

"எந்தத் தம்பி?"

"இதென்ன கேள்வி! உங்கட தம்பி மிதுனன். ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போவம் எண்டுதானே நான் வேலைக்கு லீவு போட்டிட்டு வந்தனான். இல்லாட்டி இவளுக்கு நான் எதுக்கு? கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு தானே பறந்திடுவாள்."

"அவன் ஏன் அன்ரி இங்க வரவேணும்?"

அருள்மலர் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு விளங்காதே பிள்ளை? ஊரில கோயில் திருவிழாவுக்கு வந்தனாங்கள் எண்டு சொல்லித்தானே பொம்பிளை பாக்கிறவை. இஞ்ச பந்து ரீமுக்கு எண்டு சொல்லிப் பாக்கினம். நல்ல சாட்டு! அம்மா வலு கெட்டிக்காரி."

துவாரகா அருகிலிருந்த வாங்கில் அமர்ந்தாள்.

"அன்ரி, அப்ப, 'வேண்டாம் எண்டால் பந்தை விட்டிடுவாள்' எண்டு நீங்கள் சொன்னது?"

"சொல்லத்தானே வேணும்! பொம்பிளைப்பிள்ளை நாள் முழுக்கக் காற்சட்டையோட ஓடித் திரியிறாள் எண்டு உள்ளதைச் சொன்னால் ஆர் எடுப்பினம்?"

"நாங்கள், அன்ரி. நாங்கள் எடுத்திருப்பம்."

சிரிப்பு அருள்மலரின் முகத்தில் பாதியில் நின்றது. துவாரகா எல்லாவற்றையும் சொன்னாள். விசாரித்தது மெய்யாகவே அணிக்குத்தான். கலியாணப் பேச்சே இல்லை. வந்த விடையை நம்பித் தானே நதீஷாவின் பெயரைக் கீழே இறக்கினாள். திங்கட்கிழமை அந்தப் பெயரை ஹெரன்ஸ் சொல்லாது.

அருள்மலர் பலகாரப் பெட்டியை இரு கைகளாலும் இறுகப் பிடித்தாள். "ஐயோ மாதாவே! என்ர வாயாலேயே என்ர பிள்ளையின்ர வயித்தில அடிச்சுப்போட்டன்."

"இல்லை அன்ரி. பிழை என்னில. இப்பவும் நேரம் இருக்கு. கலியாணத்துக்கெண்டு என்னென்ன மறைச்சனீங்களோ, அதெல்லாத்தையும் எனக்குச் சொல்லுங்கோ."

"எல்லாத்தையுமோ?"

"ஒண்டும் விடாமல்."

அருள்மலர் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அணை உடைந்தது.

"சொல்லுக் கேளாள். பெரியாக்களுக்கு வாய் காட்டுவாள். தோத்திட்டு வந்தால் ரெண்டு நாளைக்கு ஒருத்தரோடையும் கதையில்லை, அந்த வீடியோவையே திருப்பித் திருப்பிப் பாப்பாள். மொன்றியலில மச்சாளின்ர கலியாணம், இவள் தோழிப்பெண். சீலைக்குக் கீழ விளையாட்டு உடுப்புப் போட்டுக்கொண்டு சேர்ச்சுக்கு வந்தவள். அடுத்த நாள் மட்ச் எண்டு விருந்துக்கு முன்னமே ஓடிட்டாள். வீட்டில விடியப்புறம் பந்து தட்டுற சத்தம் தாங்காமல் பேஸ்மென்டில வாடகைக்கு இருந்த ஆக்கள் வீடு மாறிப் போட்டினம்!"

துவாரகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பிறகு?"

"போன வருசம் மார்க்கத்தில இருந்து ஒரு டொக்டர் மாப்பிள்ளை. உண்மையாவே வந்த சம்மந்தம். கலியாணத்துக்குப் பிறகு விளையாட்டை விடவேணும் எண்டு கேட்டினம். இவள் அவையின்ர முகத்துக்கு நேர கேட்டாள், 'அப்ப அவர் ஒப்பரேசன் செய்யிறதை விடுவாரோ?' எண்டு. அவை பலகாரத்தையும் விட்டிட்டுப் போட்டினம்."

பார்த்தீர்களா இந்த விந்தையை! பெண்ணுக்குக் குறையென்று எதையெல்லாம் நம் சமூகம் பூட்டிப் பூட்டி வைத்ததோ, அத்தனையும் அவளுடைய நிறைகள். பிடிவாதம் என்றார்கள், அது மனவுறுதி. வாய்க்கொழுப்பு என்றார்கள், அது தலைமை. அடங்காதவள் என்றார்கள், அவள் அயராதவள்! வைரத்தைக் கரியென்று சொல்லி விற்க முயன்ற அந்தத் தாயை நான் குறைசொல்ல மாட்டேன். கரிக்கு மட்டுமே விலை கொடுக்கும் சந்தையை யார் கட்டினார்கள் என்று கேட்பேன்.

ஆட்டம் முடிந்து, துவாலையால் முகத்தைத் துடைத்தபடி நதீஷா வந்தாள். தாயின் முகத்தைக் கண்டதும் நின்றாள். "வட் ஹப்பண்ட்?"

துவாரகாவே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அம்மா! நான் குவிட் பண்ணுவன் எண்டு சொன்னீங்களா? சீரியஸ்லி?"

"உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை."

நதீஷா தாயைப் பார்த்துப் பெருமூச்செறிந்தாள். பிறகு துவாரகாவின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் துவாரகாவுக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

"அக்கா, நீங்கள் என்னட்டையே கேட்டிருக்கலாம்தானே? ஏன் கேக்கேல்லை?"

சமூகம் பெண்ணைப் பற்றி ஊரைக் கேட்கும், உறவைக் கேட்கும், சாதகம் பார்க்கும் சாத்திரியைக் கேட்கும். அவளை மட்டும் கேட்காது. அதை எதிர்த்தல்லவா துவாரகா பதினேழு வயதில் வீட்டில் சண்டையிட்டுப் பந்தைக் கையிலெடுத்தாள்? அன்று மிதுனன் தன் புத்தகப் பையில் அவளுடைய சப்பாத்தை ஒளித்துக் கொண்டுவந்து தராவிட்டால் அவள் ஒருநாளும் மைதானம் கண்டிருக்க மாட்டாள். அவளே இன்று, ஒரு பெண்ணின் வாழ்வை எடைபோட, அந்தப் பெண்ணை விட்டு எல்லோரையும் கேட்டிருக்கிறாள்!

"அதுதான் என்ர பிழை, நதீஷா" என்றாள். "இப்ப கேக்கிறன். பந்தை விடுவீங்களோ?"

"முழங்கால் உடைஞ்சு வீட்டில இருந்தபோதும் விடேல்லை, அக்கா. கதிரையில இருந்து தட்டினன்." கண் சிமிட்டினாள். "பேஸ்மென்ட் ஆக்களிட்டைக் கேளுங்கோ."

*

ஏஞ்சலாவின் அறைக்குப் போகுமுன் துவாரகா தாயை அழைத்தாள்.

"அம்மா, ஒஷாவாவில தம்பிக்கோ எண்டு கேட்டவையோ?"

"கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டும் சொல்லேல்லை. இல்லை எண்டும் சொல்லேல்லை."

"ஏனம்மா?"

"அப்பா செய்த வேலைக்குப் பிறகு எங்கட வீட்டை ஆர் பிள்ளை மதிச்சுக் கதைக்கினம்? நான் விசாரிச்சது தெரிஞ்சு அந்தப் பிள்ளையின்ர தாயே போன் எடுத்து, என்னை 'அக்கா, அக்கா' எண்டு கூப்பிட்டு, மிதுனன் என்ன சாப்பிடுவான் எண்டு கேட்டவ. இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. 'எங்கட ஆக்கள் இல்லை' எண்டு உனக்குச் சொன்னன்தான். ஆனால் போனை வைக்கேக்க, இவையே எங்கட ஆக்களாய் இருக்கக்கூடாதோ எண்டு நினைச்சன்."

கண்டிக்க நினைத்து அழைத்த துவாரகா, "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று மட்டும் கேட்டு வைத்தாள்.

ஏஞ்சலா கயானாவில் பிறந்து இந்நகரில் வளர்ந்தவள். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவிடுபவள். துவாரகா சொன்னதையெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சுருக்கமாகச் சொன்னால்," என்றாள் ஆங்கிலத்தில், "நாம் எடுக்கவிருந்த ஆட்டக்காரியை உன் அம்மா தவறுதலாக மருமகளாக எடுத்துவிட்டார்."

"ஏறத்தாழ."

"தவறு அம்மாவுடையதா?"

"என்னுடையது. நான் கேட்கவேண்டியவளைக் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போகச் சொன்னால் போகிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் அந்த அடிவரிசையில் இருக்கக்கூடாது."

ஏஞ்சலா எழுந்து பலகையின் முன் நின்றாள். "என் அக்காளையும் இப்படித்தான் விசாரித்துக் கட்டிக்கொடுத்தார்கள்" என்றாள் பலகையைப் பார்த்தபடி. "நன்றாகப் பாடுவாள். பாட்டெல்லாம் விட்டுவிடுவாள் என்று அம்மா வாக்குக் கொடுத்தார். அவளும் விட்டுவிட்டாள்."

நதீஷாவை உள்ளே அழைத்தாள். ஒரே ஒரு கேள்வி. "திங்கட்கிழமை உன் பெயரைச் சொன்னால், எப்போது வருவாய்?"

"வந்துதானே நிற்கிறேன்" என்றாள் நதீஷா, வியர்வை இன்னும் காயாமலே.

ஏஞ்சலா அடிவரிசையிலிருந்து அந்தப் பெயரைக் கழற்றினாள். மேல்வரிசையில், ஹெரன்ஸின் முதல் முறை வரும்போது எடுக்கவேண்டியவர்களுக்கான சிறு இடத்தில் ஒட்டினாள். நமக்கு முன் எடுக்கும் அணிகள் விட்டுவைத்தால், அவள் நம்முடையவள்.

"துவாரகா, நீ எங்கும் போகவேண்டாம். தன் தவறைத் தானே பலகையில் திருத்த வருபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இனி விசாரணையென்றால், முதற்கேள்வி ஆட்டக்காரியிடம்."

வெளியே வந்ததும் அருள்மலர் பலகாரப் பெட்டியை நீட்டினாள். "கலியாணத்துக்கெண்டு சுட்டது. பந்துக்குச் சாப்பிடுங்கோ."

துவாரகா பெட்டியோடு அந்தக் கைகளையும் சேர்த்துப் பிடித்தாள். "நீங்கள் இண்டைக்கு வந்தபடியால் தப்பினம், அன்ரி. வராட்டி நான் காலம் முழுக்க நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்."

*

வாகனத் தரிப்பிடத்தில் சித்திரை மழை தூறியது. பழைய பனிக்குவியல் ஒன்று கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. அப்போது அருள்மலரின் கைபேசி ஒலித்தது.

"இவர்தான்" என்று எடுத்தவள், கேட்டுக்கேட்டு விழித்தாள். "ஆர் வந்து நிக்கினம்? பழத்தட்டோடையோ? பொறுங்கோ." கைபேசியைத் துவாரகாவிடம் நீட்டினாள். "பிள்ளை, உங்கட அப்பா எங்கட வீட்டில இருக்கிறாராம்!"

துவாரகா வாங்கிக் காதில் வைத்து, தகப்பனிடம் கொடுக்கச் சொன்னாள். செரீனா வீட்டுக் கோப்பை கண்முன் வந்தது.

"அப்பா! அங்க என்ன செய்யிறியள்?"

"முடி வெட்டுற இடத்தில பொன்னம்பலம் சொன்னவன், மிதுனனுக்கு ஒஷாவாவில சரிவந்திட்டுது எண்டு" என்றது சண்முகலிங்கத்தின் குரல். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லாமல் விட்டதும் நியாயந்தான்."

"அப்பா, அது வந்து..."

"நான் சொல்லி முடிக்கிறன் பிள்ளை, இல்லாட்டி இடையில நிண்டுபோவன். அவை எந்தப் பக்கம் எண்டும் பொன்னம்பலம் சொல்ல வந்தவன். 'நான் கேட்டனானோ?' எண்டு அவன்ர வாயை அடைச்சுப்போட்டு, நேர பழக்கடைக்குப் போனன். அந்தப் பிள்ளை வீட்டில நான் எழும்பி வந்த நாளில இருந்து, என்ர வீட்டுத் தேத்தண்ணியும் எனக்குத் தொண்டையால இறங்கேல்லை. செல்வரட்ணத்தார் தன்ர கையாலேயே தேத்தண்ணி போட்டுத் தந்தவர். குடிச்சிட்டன், பிள்ளை. இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடிச்சிட்டன்."

மழை துவாரகாவின் முகத்தில் விழுந்தது. மழை மட்டுந்தான் என்று அவள் சொல்லமாட்டாள்.

"மிதுனனை ஒருக்கா இஞ்ச வரச் சொல்லு" என்றார் சண்முகலிங்கம். "நான் கூப்பிட்டால் வரமாட்டான்."

கலியாணம் இல்லையென்ற உண்மை அவள் நாவின் நுனியில் நின்றது. அருள்மலர் அவளைப் பார்த்தாள். நதீஷா, ஒன்றும் விளங்காமல், இருவரையும் பார்த்தாள். உண்மைக்காகச் சற்று முன் தன் வேலையையே பணயம் வைத்தவள் அல்லவா துவாரகா! ஆனால் அந்த உண்மையைத் தொலைபேசியில் சொல்ல அவளால் முடியவில்லை. அதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டியவன் மிதுனன். அவனோ பத்து நிமிடத் தொலைவில், ஓர் அறையில், தகப்பனின் குரலை மறந்துகொண்டு இருந்தான்.

"அங்கயே இருங்கோ அப்பா" என்றாள். "அவனையும் கூட்டிக்கொண்டு வாறன்."